பிடியரிசிப் பணத்துக்கு வந்த வரி

அஞ்சுகிராமத்து ஆபேல் ஐம்பது வயது வரைக்கும் பொய்க்கணக்கு எழுதியவரல்ல. எழுதத் தெரிந்திருந்தால் இந்தத் துன்பமே வந்திருக்காது என்று பிற்பாடு கோட்டாற்றுக்காரர் ஒருவர் அவரைக் கேலி செய்தார்.

ஆபேலுக்குக் கருப்பட்டி வியாபாரம். பனையேறும் வீடுகளில் வாங்கி, ஓலையில் சிப்பம் கட்டி, வண்டியேற்றி நாகர்கோவிலுக்கு அனுப்புவார். ஊர்க் கிறிஸ்தவ சபையின் பணப்பெட்டிச் சாவியும் பதினொரு வருஷமாக அவர் இடுப்பில்தான் இருந்தது. அந்தப் பெட்டியிலிருந்தது பிடியரிசிப் பணம். சபைப் பெண்கள் உலையில் அரிசி போடுமுன் ஒரு பிடியை எடுத்துக் கோயிலுக்கென்று தனிக் கலயத்தில் போடுவார்கள். தனக்கே கஞ்சி போதாத வீட்டிலும் அந்தக் கலயம் இருக்கும். சனிக்கிழமை தோறும் ஆபேலின் மனைவி நேசம்மாள் வீடு வீடாகப் போய் அரிசியை வாங்கி வந்து விற்பாள். ஓலைக்கூரைக் கோயிலுக்கு ஓடு போடவேண்டும் என்பது ஆறு வருஷத்து ஆசை.

கடைக்கும் கோயிலுக்கும் ஆபேல் ஒரே பேரேடுதான் வைத்திருந்தார். இடதுபக்கம் கருப்பட்டி, வலதுபக்கம் பிடியரிசி. இரண்டும் ஒரே புத்தகத்தில் கிடந்தால் கைக்குக் கள்ளம் வராது என்பது அவர் எண்ணம். கொல்லம் ஆயிரத்து நூற்றைந்தாம் ஆண்டு பழைய பேரேடு முடிந்துபோகவே, ஆறு வருஷத்துப் பிடியரிசி இருப்பை மொத்தமாகப் புதுப் பேரேட்டில் வரவு எழுதினார். அந்த வருஷம் பார்த்து வருமான வரி நோட்டீஸ் வந்தது. பக்கத்துக் கடைக்காரர்கள் பாதிக் கணக்கைக் கொண்டுபோனார்கள். ஆபேல் பேரேட்டையே கொண்டுபோய், வரி ஆபீசான நாகர்கோவில் கச்சேரி மேசையில் வைத்தார். கருப்பட்டி மட்டுமென்றால் வரி வரம்பைத் தொட்டிருக்காது; அவர்கள் இரண்டு பக்கத்தையும் சேர்த்துக் கூட்டி நாற்பத்தெட்டு ரூபாய் வரி போட்டார்கள். முப்பது நாளில் கட்டாவிட்டால் கடைச் சரக்கு ஜப்தி.

கையில் பணமில்லாத மாசம் அது. யோசித்து யோசித்து, பிடியரிசிக்கு வந்த வரியைப் பிடியரிசியே கட்டட்டும், திரும்பி வந்தால் அந்தப் பெட்டிக்கே போகட்டும் என்று தன் மனதுக்கு ஒரு நியாயம் சொல்லிக்கொண்டார். பெட்டியைத் திறந்து நாற்பத்தெட்டு ரூபாய் எடுத்துக் கட்டினார். யாரிடமும் சொல்லவில்லை. நியாயம் சரியாயிருந்தால் ஏன் சொல்லவில்லை என்று அன்று அவர் தம்மைக் கேட்டுக்கொள்ளவில்லை.

அப்பீல் எழுதிப் போட்டார். மறுவருஷம் ஆனியில் திருவனந்தபுரத்திலிருந்து உத்தரவு வந்தது. கோயில் பணம் வருமானமல்ல, வரியைத் திருப்பித் தருக என்று இருந்தது. ஆபேல் முழங்காலில் நின்று ஸ்தோத்திரம் சொன்னார். நாகர்கோவில் கச்சேரியில் குமஸ்தா தங்கப்பன், ஒரு மாசத்தில் வந்துவிடும் என்றார்.

ஒரு மாசம் போயிற்று. காகிதக் கட்டு திருவனந்தபுரத்துக்குப் போயிருக்கிறது என்றார்கள். கட்டு வந்தபின், பணம் கட்டிய அசல் ரசீது வேண்டும் என்றார்கள். அசல் ரசீதை அப்பீலோடு சேர்த்து அனுப்பியிருந்தார். அது அந்தக் கட்டுக்குள்ளேதான் இருந்தது. எடுத்துப் பார்க்கலாமே என்று கேட்டதற்கு, கட்டிலிருந்து தாள் எடுக்க உத்தரவில்லை, நகலுக்கு மனுப் போடும் என்றார் தங்கப்பன். மனுப் போட்டார். நகல் எழுதுகிறவர் லீவில் இருந்தார். தங்கப்பனும் கெட்டவரல்ல. ஒரு தடவை ஆபேலுக்குத் தண்ணீர்கூட எடுத்துக் கொடுத்தார்.

கச்சேரி வராந்தாவில் ஒரு பெஞ்சு உண்டு. கோட்டாற்றில் ஜவுளிக்கடை வைத்திருந்த சைபுதீன் சாயிபும் அங்கேதான் காத்திருப்பார். கச்சேரியிலிருந்து அவருக்குத் திரும்பி வரவேண்டியது மூன்று வருஷத்துப் பாக்கி.

"என்ன ஓய், இண்ணைக்கும் வெறுங்கையா? நான் இந்தப் பெஞ்சை என் பேரனுக்கு எழுதி வைக்கப்போறேன். அவன் வந்து வாங்கிக்கிடட்டும்" என்பார்.

வாழையிலையில் மடித்த ஆப்பத்தை அவர் நீட்டும்போதெல்லாம் ஆபேல் வயிறு சரியில்லை என்று சொல்லிவிடுவார். ஊரிலும் அதே வயிற்றுவலிதான். மாசத்து முதல் ஞாயிறு, குற்றமனதோடு வாங்கக்கூடாத இராப்போஜன அப்பத்துக்கு எல்லாரும் எழுந்து போகையில் அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வெளியே போய் வேப்பமரத்தடியில் நிற்பார். உள்ளே பாடுவது கேட்கும். நேசம்மாள் சுக்குக் கஷாயம் போட்டுக் கொடுத்தாள். அதையும் குடித்தார்.

வருஷந்தோறும் ஸ்தோத்திரப் பண்டிகையில் சபைக்குக் கணக்கு வாசிப்பது அவர்தான். பணம் எடுத்தபின் வாசித்த தாளிலும் அந்த நாற்பத்தெட்டு ரூபாய் இருப்பிலேயே இருந்தது. அதுதான் அவர் எழுதிய முதல் பொய்க்கணக்கு.

ஆயிரத்து நூற்றெட்டில், சபையை நடத்தும் உபதேசியார் முத்துநாயகம், பண்டிகையன்று எல்லார் முன்னாலும் பெட்டியைத் திறந்து எண்ணி, திங்கட்கிழமையே ஓட்டுக்கு முன்பணம் கொடுத்துவிடலாம் என்று அறிவித்தார். ஆபேல் அந்த வாரம் மூன்று தடவை நாகர்கோவிலுக்குப் போனார். வெள்ளிக்கிழமை பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர், சாயிபு ஒன்றும் கேட்காமலே எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்.

சாயிபு கையிலிருந்த ஆப்பப் பொட்டலத்தைப் பெஞ்சில் வைத்தார். கடை மட்டும் நன்றாக ஓடினால் தானே கொடுத்திருப்பேன் என்றார். பிறகு, "உம்ம வீட்டுக்காரிக்குத் தெரியுமா?" என்று கேட்டார்.

"தெரியாது சாயிபு."

"அப்ப இத்தனை நாளும் நீர் தனியாத்தானா இருந்தீரு?" என்றார்.

சனிக்கிழமை மத்தியானம் நேசம்மாள் அரிசி வாங்கப் போயிருந்தாள். ஆபேல் கதவைச் சாத்திக்கொண்டு பெட்டியைத் திறந்தார். எவ்வளவு குறைகிறது என்று அவருக்குத் தெரியும். தெரிந்தும் எண்ணினார். மறுபடி எண்ணினார். கணக்கு தவறியது. குறைய வேண்டியது நாற்பத்தெட்டு. முப்பத்தொன்பதுதான் குறைந்தது.

மிஞ்சிய ஒன்பது ரூபாய், மூலையில் கிடந்து அவர் அவிழ்த்து எண்ணிய பழந்துணி முடிச்சிலிருந்து வந்தது. அதில் சக்கரம், பணம் என்ற திருவிதாங்கூர் நாணயங்களாகச் சில்லறை இருந்தது. துணி நேசம்மாளின் பழைய சேலைக் கிழிசல். முட்டை விற்ற காசு, ஓலைப்பெட்டி முடைந்து விற்ற காசு. அவர் குளிக்கப் போகையில் சாவியைக் கழற்றி ஆணியில் மாட்டுவது வழக்கம். எத்தனை நாளாகப் போட்டுவருகிறாளோ. பெட்டிக்கு முன்னால் ஆபேல் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

நேசம்மாள் வந்து கலயத்தை இறக்கினாள். திறந்த பெட்டியையும் அவரையும் பார்த்தாள்.

"எப்பம்டீ தெரியும்?"

"வேப்பமரத்தடியில நிக்கத் தொடங்கின அண்ணைக்கே பெட்டியைத் தொறந்து எண்ணிப் பாத்தேன். வயித்துவலிக்காரன் வீட்டுல வந்து இப்படிச் சோறு தின்ன மாட்டான்."

"கேட்டிருக்கலாமே."

"நீங்களா சொல்லுவீங்கன்னு இருந்தேன்" என்றாள். அரிசியை அளக்கத் தொடங்கினாள்.

ஞாயிற்றுக்கிழமை பெட்டியைத் தூக்கிவந்து பீடத்தடியில் வைத்தபோது, உபதேசியார் சாவிக்குக் கை நீட்டினார். ஆபேல் கொடுக்கவில்லை. எழுந்து நின்று, பேரேடு முதல் நகல் மனு, நேசம்மாளின் துணிமுடிச்சு வரைக்கும் சொன்னார். கடைசியில், "இதுல முப்பத்தொம்பது ரூபா கொறையும். பணம் எடுத்த பெறகு நான் வாசிச்ச கணக்கெல்லாம் பொய்" என்றார்.

பின்வரிசையில் ஓர் ஆள் கோபத்தோடு எழுந்து வெளியே போனான். அவன் குழந்தைகள் பல நாள் ஒருவேளைக் கஞ்சியோடு படுத்தவர்கள். அவன் கோபம் நியாயமானதுதான்.

பனையேறும் முத்துக்கனிதான் முதலில் வாய் திறந்தான். "அண்ணாச்சி, அந்தக் கச்சேரிப் பணம் எப்பம் வரும்?"

"தெரியாது மக்கா."

"உத்தரவு இருக்குல்லா?"

"இருக்கு."

"அப்ப அது கோயில் பணம். நீங்க ஒத்தையில எதுக்குப் போறீங்க? திங்கக்கிழமை நானும் வாறேன்."

வேறு இரண்டு பேரும் வருவதாகச் சொன்னார்கள். அதற்குப் பிறகு நடந்த பேச்சு நீண்டது, சில வார்த்தைகள் சுட்டன. முடிவில், ஓடு போடுவதை அடுத்த வருஷத்துக்குத் தள்ளினார்கள். கோயிலுக்குத் தனிப் பேரேடு வாங்கவும், சாவியை ஆபேலிடமிருந்து வாங்கி நேசம்மாளிடம் கொடுக்கவும் தீர்மானமாயிற்று. அவளுக்குக் கணக்கு எழுதத் தெரியாதே என்று ஒருவர் சொன்னார். பெட்டியில் காசு போடத் தெரியும் என்றார் உபதேசியார்.

அந்த ஞாயிறும் ஆபேல் இராப்போஜனத்துக்கு எழுந்திருக்கவில்லை. ஆனால் வேப்பமரத்தடிக்கும் போகவில்லை. உள்ளேயே உட்கார்ந்து பாட்டைப் பாடினார்.

திங்கட்கிழமை நாலு பேரும் கச்சேரிக்குப் போனார்கள். நகல் எழுதுகிறவர் லீவிலிருந்து வந்துவிட்டாராம். ஆனால் நகலில் கையெழுத்துப் போடவேண்டிய அதிகாரி சுற்றுப்பயணத்தில் இருந்தார். தங்கப்பன், அடுத்த வாரம் வாருங்கள் என்றார்.

சைபுதீன் சாயிபு பெஞ்சில் நகர்ந்து இடம் கொடுத்தார். "இண்ணைக்கு ஊரையே கூட்டிட்டு வந்தாச்சா?"

"சொல்லியாச்சு சாயிபு."

"காசு?"

"வரல்ல."

சாயிபு இலையைப் பிரித்து ஓர் ஆப்பத்தை நீட்டினார். ஆபேல் வாங்கி, பாதியைப் பிய்த்து முத்துக்கனிக்குக் கொடுத்துவிட்டு, மீதியைத் தின்றார்.