பாப்பாத்தியம்மாவின் சூரணம்

"ரோஸ்லின் சிஸ்டர் பிஸ்கட்டுக்குக்கூடத் தேதி பார்த்துவிட்டுத்தான் வாயில் வைப்பார்" என்று இந்த மலையில் என்னைக் கேலி பேசுவார்கள். பேசட்டும். திண்டுக்கல்லிலிருந்து இங்கே நர்ஸாக வந்த எனக்கு அந்தக் குணம் கைகொடுத்திருக்கிறதே தவிர, கெடுத்ததில்லை.

அதனால்தான் பாப்பாத்தியம்மாவின் முகத்தைப் பார்த்ததும் திக்கென்றது. போன மழைக்காலம் முழுக்க இளைப்பில் உட்கார்ந்தபடியே தூங்கியவர். இப்போது மூச்சு சீராக இருந்தது. ஆனால் கன்னம் இரண்டும் உப்பி, முகம் வட்டமாகியிருந்தது.

"சின்னுசாமி வைத்தியர் சூரணமுங்க சிஸ்டர். அம்மா இப்ப நல்லாச் சாப்புடுது. சதையும் போட்டிருக்குது" என்றாள் மகள் பானுமதி.

ஆடாதொடை, திப்பிலி, சுக்கு, தேன். இளைப்புக்கு ஆயுர்வேதம் பார்ப்பவர்கள் கொடுப்பதுதான். அதற்கெல்லாம் கன்னம் உப்பாது. ஸ்டீராய்டு மாத்திரையை மாதக்கணக்கில் விழுங்கியவர்களுக்கு அப்படி உப்பிப் பார்த்திருக்கிறேன். வைத்தியர் சூரணத்தில் மாத்திரையை அரைத்துக் கலக்கிறார் என்று முடிவே கட்டிவிட்டேன்.

சில நாள் கழித்து நேரே அவர் வீட்டுக்குப் போய்ச் சூரணத்தைக் கேட்டேன்.

"ஏனுங்க, போலீசு மாதிரி வந்து நிக்கறீங்க" என்று சிரித்தபடி ஒரு பொட்டலம் மடித்துக் கொடுத்தார். அந்தச் சிரிப்பும் எனக்குப் பிடிக்கவில்லை. பொட்டலத்தோடு பாப்பாத்தியம்மா வீட்டுக்குப் போய், அடுப்படியில் இருந்த டப்பாவைத் திறந்து இரண்டையும் ஒப்பிட்டேன். வைத்தியருடையது ஒரே பழுப்பு. டப்பாவில் இருந்ததில் வெள்ளை வெள்ளையாகத் துகள்கள். நடுவில் கைவைக்க இருப்பது ஒரே ஆள்தான்.

வாசலில் மிளகு காயப்போட்டுக்கொண்டிருந்த பானுமதியிடம் டப்பாவை நீட்டினேன். மிளகு ஒட்டிய கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வாங்கினாள்.

"ஆஸ்பத்திரில ஊசி போட்ட அன்னிக்கே அப்பா போயிட்டாருங்க. அதுலருந்து அம்மா இங்கிலீஷ் மருந்தத் தொடாது. சேந்தமங்கலம் மருந்துக்கடைல மாத்திரை கேட்டு வாங்கியாந்து நான்தானுங்க அரைச்சுக் கலந்தேன். மூச்சு விட்டாப் போதும்னு இருந்துச்சு."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. "திடீர்னு நிறுத்திடாத, உசுருக்கே ஆபத்து. டாக்டர் சொல்றபடி கொஞ்சங் கொஞ்சமாத்தான் குறைக்கணும்."

அவள் முகம் வெளுத்துவிட்டது. "கோயில் நோம்பிக்கு அம்மா காப்புக் கட்டி நாலு நாளாச்சுங்க. காப்பு அவுக்கற வரைக்கும் மருந்தே வாயில வெக்காது. உள்ளதான் சுருண்டு படுத்திருக்குது. வெரதத்துல வந்த அசதின்னு நெனச்சேன்."

உள்ளே ஓடினோம். மஞ்சள் கயிறு கட்டிய கை துவண்டு கிடந்தது. டாக்டருக்குப் போன் போட்டேன். வீட்டில் இருக்கும் அதே மாத்திரையை உடனே கொடுத்து ஜீப்பில் ஏற்றச் சொன்னார்.

பாப்பாத்தியம்மா வாயை இறுக்கிக்கொண்டார். வேறு வழியில்லாமல் பானுமதி அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. யாரோ எவரோ போல மகளைப் பார்த்தார்.

"இதுல ஒண்ணு மொதல்ல நீ முழுங்கு. நான் பாக்கறேன்."

பானுமதி விழுங்கினாள். அதற்குப் பிறகுதான் அவர் வாயைத் திறந்தார்.

பிழைத்துவிட்டார். இப்போது டாக்டர் கண்காணிப்பில்தான் மருந்து. மூச்சும் பரவாயில்லை. போன வாரம் பார்க்கப் போயிருந்தபோது தண்ணீர் கேட்டார். பானுமதி சொம்பில் கொண்டுவந்து, யாரும் சொல்லாமலே ஒரு வாய் குடித்துக் காட்டிவிட்டு அம்மாவிடம் நீட்டினாள்.