டார்க்கஸ் மூழ்கவில்லை

ஆம்ப்ரோஸ் பில்லிங் எழுதியது ஒரே ஒரு நாவல். அதில் நெசவாலைப் பெண் டார்க்கஸ் கடைசிப் பக்கத்தில் கால்வாயில் மூழ்கிச் சாகிறாள். நிஜத்தில் அப்படிச் செத்தவள் அவர் தங்கை. ஊர் சீக்கிரமே மறந்துவிட்டது. நாலு பேராவது அவளுக்காக அழட்டும் என்றுதான் எழுதினார்.

அதை லண்டனுக்கு வெளியே ஒரு கொட்டகையில் பாட்டுப்படமாக எடுத்தார்கள். தியேட்டர்கள் உள்நாட்டுப் படமும் ஓட்டியாக வேண்டும் என்று சட்டம் இருந்த காலம். அதற்காகவே படங்களை அவசர அவசரமாகச் சமைத்தார்கள். பிலிம் அளந்துதான் வரும். ஒரு காட்சியை இரண்டாம் முறை எடுப்பது அங்கே திருட்டுக்குச் சமம். நாயகன் தும்மினால் அடுத்த காட்சியில் அவனுக்கு ஜலதோஷம். பூனை ஒன்று குறுக்கே போய்விட்டதால், அதற்குப் பேர் வைத்து, சொத்தில் பங்கும் எழுதிவைத்த படம் உண்டு.

பில்லிங் தொப்பியைக் கையில் பிடித்தபடி டைரக்டர் ஹக்ஸ்டபிளிடம் போனார்.

“கடைசியில அவ சாகணும் சார்.”

“எதுலய்யா சாவா? தண்ணித் தொட்டி ஒழுகுது. தவிர, கடைசியில வர்ற கல்யாணப் பாட்டுக்கு யாரு ஆடுறது, நீங்களா?”

“அவ என் தங்கச்சி சார்.”

“அருமையா ஆடுறாங்க உங்க தங்கச்சி. டீ குடிச்சிட்டுப் போங்க.”

கல்யாணக் காட்சியை எடுத்துக்கொண்டிருந்தபோது பில்லிங்குக்குத் தாங்கவில்லை. நேரே காமிராவுக்கு முன்னால் போய் இரண்டு கையையும் தூக்கினார்.

“நிறுத்துங்க! அவ செத்துட்டா! செத்துட்டா!”

யாரும் நிறுத்தவில்லை. ஆட்டக்காரிகள் பழக்கதோஷத்தில் அவரைச் சுற்றி வட்டம் கட்டினார்கள். டார்க்கஸாக நடித்தவள் பல்லைக் காட்டியபடியே முணுமுணுத்தாள்: “சிரிங்க சார், பிலிம் ஓடுது.”

முடிந்ததும் பில்லிங் கேட்டார்: “இதை வெட்டிடுவீங்கல்ல?”

“வெட்டுறதா! வாயை எவ்வளவு அழகாத் திறக்குறீங்க!” என்றார் ஹக்ஸ்டபிள்.

குண்டான பாடகர் ஒருவரை வரவழைத்து, அந்த வாய்க்குப் பொருத்தமாக ஒரு வாழ்த்துப் பாட்டைப் பாட வைத்து ஒட்டிவிட்டார்கள்.

படம் வெளிவந்தது. திரையில் பில்லிங் கையைத் தூக்கி, யாரோ ஒருவருடைய கனத்த குரலில் மணமக்களை வாழ்த்தினார். தியேட்டரே கூடப் பாடியது. பக்கத்து இருக்கை அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“அந்தப் பொண்ணு எவ்வளவு சந்தோஷமா இருக்கா, பாத்தீங்களா?”

“ஆமாம்மா,” என்றார் பில்லிங்.