ஃபைல் மேலே போயிருக்கிறது

மாமனாரின் பையைப் பேருந்தில் ஏற்றும்போதே மாப்பிள்ளைக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. இரண்டு நாள் பயணத்துக்கு ஒரு மனிதர் அப்படி என்னத்தைத்தான் எடுத்து வருவார் என்று அவனுக்குப் புரியவில்லை. கேட்கவும் இல்லை. கேட்டால் பதில் சொல்லுவார். மாமனாரிடம் உள்ள சிக்கலே அதுதான்.

விஷயம் இவ்வளவுதான். மகளைப் பார்க்க வந்த மாமனாரின் மூன்று மாத விசா முடிகிறது. இன்னும் இருக்க வேண்டுமென்றால் நாட்டை விட்டு வெளியே போய், அங்கே புது விசா வரும்வரை காத்திருந்து, பிறகு திரும்ப வேண்டும். சட்டம் அப்படி. ஏன் அப்படி என்று யாரும் கேட்பதில்லை. வெளிநாட்டில் பிழைக்க வந்தவனுக்கு முதலில் மறந்துபோகிற வார்த்தை 'ஏன்'தான். எனவே எல்லோரும் பக்கத்து நாட்டுக்குப் போய் உட்கார்ந்துவிட்டு வருவார்கள். இதற்கென்றே பேருந்து ஓடுகிறது, இதற்கென்றே ஓட்டல் நடக்கிறது.

"அப்பாவைப் பத்திரமாக் கூட்டிட்டுப் போயிட்டு, பத்திரமாக் கூட்டிட்டு வாங்க," என்று மனைவி சொல்லி அனுப்பியிருந்தாள். கூட்டிக்கொண்டு போவதில் அவனுக்கு ஆட்சேபணை கிடையாது. கூட்டிக்கொண்டு வரும் எண்ணம்தான் இல்லை. புது விசாவுக்கு அவன் விண்ணப்பிக்கவே இல்லை. பக்கத்து நாட்டிலிருந்து நேரே ஊருக்குப் போகிற விமானத்தில் மாமனாருக்கு ஒரு டிக்கெட் எடுத்து வைத்திருந்தான். விசா வரவில்லை, நான் என்ன செய்யட்டும் என்று அப்பா, மகள் இருவரிடமும் கையை விரித்துவிடுவதாகத் திட்டம். லிஃப்ட் பராமரிக்கிற கம்பெனியில் அவன் மேற்பார்வையாளன். "பார்ட்ஸ் வரலை சார்" என்று தினமும் நாலு பேரிடம் சொல்லுகிறவன். இதென்ன பெரிய கம்பசூத்திரம் என்று நினைத்தான்.

அவனைத் திட்டுவதற்கு முன்னால் அந்த வீட்டைப் பார்க்க வேண்டும். ஒரு படுக்கையறை, ஒரு கூடம். கூடத்தில் மாமனாருக்காக ஒரு மடக்குக் கட்டில். அதை விரித்தால் சமையலறைக்குப் பக்கவாட்டில்தான் நடக்க முடியும். மாமனார் விடியற்காலையில் எழுந்து, போர்வையை மடித்து வைத்துவிட்டு, கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து படுக்கையறைக் கதவையே பார்த்துக்கொண்டிருப்பார். கதவு திறந்ததும், "நல்லாத் தூங்கினீங்களா மாப்பிள்ளை?" என்பார். மூன்று மாதமாக, ஒரு நாள் தவறாமல். ஒரு மனிதன் எத்தனை நாளைக்குத்தான் நன்றாகத் தூங்கினேன் என்று சொல்லுவான்? அவர் கெட்டவராக இருந்திருந்தால் சண்டை பிடித்துத் தீர்த்திருக்கலாம். பாவி மனிதர் நல்லவராகப் போய்விட்டார். புருஷனும் மனைவியும் சண்டை போடுவதற்கே கீழே கார் நிறுத்துமிடத்துக்குப் போய் வந்தார்கள். சமாதானம் ஆவதற்குத்தான் இடம் அகப்படவில்லை.

எல்லைச் சாவடியில் முத்திரை குத்தி வெளியே விட்டார்கள். பக்கத்து நாடும் அச்சு அசலாக விட்டு வந்த நாட்டைப் போலவே இருந்தது. அதே கண்ணாடிக் கட்டடங்கள், அதே சுற்று வளைவுகள், நடுவில் அதே மாதிரி தண்ணீர் விட்டுக் காப்பாற்றிய பூச்செடிகள். மாமனாருக்கு ஏனோ பொறுக்கவில்லை.

"நம்ம பக்கம் ரோடு இதைவிட அகலம் மாப்பிள்ளை," என்றார்.

நம்ம பக்கம் என்று அவர் சொன்னது சொந்த ஊரை அல்ல. சொந்த ஊர் ரோட்டைப் பற்றி அவருக்கு எந்தப் பிரமையும் கிடையாது. அவர் விருந்தாளியாக இருந்துவிட்டு வந்த நாட்டைச் சொன்னார்.

"ஆமா மாமா. சிக்னல்கூட நம்ம பக்கம் சீக்கிரம் விழும்," என்றான் மாப்பிள்ளை. சொன்ன பிறகு அவனுக்கே வியப்பாக இருந்தது. பதினொரு வருஷமாக அந்த நாட்டைக் காலையும் மாலையும் வாய் ஓயாமல் திட்டியவன் அவன். எல்லையைத் தாண்டியதும் அதற்கு வக்காலத்து வாங்குகிறான். அந்த மண்ணில் ஒரு பிடி உரிமை இல்லாத இரண்டு பேர், ஓட்டல் வரும்வரை அதன் தெருவிளக்கையும் நடைபாதையையும் மாறி மாறிப் புகழ்ந்துகொண்டே போனார்கள். மூன்று மாதத்தில் அவர்கள் இவ்வளவு நேரம் ஒத்துப்போனது அன்றுதான்.

ஓட்டல் வரவேற்பறை நிறையக் காத்திருக்கும் கூட்டம். சோபாவில், படிக்கட்டில், பூந்தொட்டி விளிம்பில் என்று ஆளாளுக்குச் செல்போனை முகத்துக்கு நேரே பிடித்திருந்தார்கள். யாருக்காவது விசா வந்த செய்தி விழுந்தால் அந்த ஆள் எழுந்து நிற்பார். மற்றவர்கள் கை தட்டுவார்கள், வயிற்றெரிச்சலோடு. லிஃப்ட் மூன்றாவது மாடியில் ஒரு குலுங்கு குலுங்கியது. வடத்தை மாற்றி நாளாகியிருக்க வேண்டும். மாப்பிள்ளை வாயைத் திறக்கவில்லை. விடுமுறையில் இருப்பவன் ஏன் வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்ள வேண்டும்? அறையில் ஒரே கட்டில், இரண்டு தலையணை. மாமனார் சுவரோரமாகப் படுத்து, இடிக்காமல் இருப்பதற்காக இரவு முழுக்கத் தன் கையைத் தானே பிடித்துக்கொண்டு தூங்கினார்.

காலையில் ஊரைச் சுற்றிக் காட்டக் கிளம்பினான். பெரிய கடைத்தெரு வேண்டாம், கோபுரம் வேண்டாம், பூங்காவில் கால் வலிக்கும் என்றார் மாமனார். வழியில் ஒரு மின்சார அலுவலகத்தின் வாசலைக் கண்டதும் நின்றுவிட்டார்.

"இதைப் பாக்கலாமா?"

"இது ஆபீஸ் மாமா."

"அதான் கேக்கறேன்."

அவர் சர்வீஸ் முழுக்க இப்படி ஓர் அலுவலகத்தில் புது இணைப்புக் கவுண்டரில் உட்கார்ந்திருந்தவர். உள்ளே போய், இயந்திரத்தில் ஒரு டோக்கன் எடுத்துக்கொண்டு, நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். கவுண்டர்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். கோவிலில் உட்கார்ந்திருப்பவர் முகத்தில்கூட அவ்வளவு அமைதி இருக்காது. கடைசியில் அவர் எண்ணும் வந்தது. எழுந்து கவுண்டருக்குப் போய், டோக்கனை வைத்து, உள்ளே இருந்த பெண்ணைப் பார்த்துச் சிரித்தார். அந்தப் பெண்ணும் வேறு வழி தெரியாமல் சிரித்தாள். திரும்பி வந்துவிட்டார்.

"நல்ல பொண்ணு. கோபமே வரலை," என்றார். "விசா வந்துச்சா மாப்பிள்ளை?"

மாப்பிள்ளை செல்லை எடுத்துப் பார்த்தான். "இன்னும் இல்லை மாமா. ஃபைல் மேல போயிருக்கு. அதிகாரி லீவாம். சர்வர் வேற மெதுவா இருக்குங்கறாங்க. ரெண்டு மூணு பேருக்கு இப்படித்தான் ஆச்சாம்."

மாமனார் வாசலுக்கு வந்து, எதிரே இருந்த டீக்கடையைக் காட்டினார். போய் உட்கார்ந்தார்கள். டீ வந்தது. சர்க்கரையைக் கலக்கிக்கொண்டே, "நீங்க விசாவுக்குப் போடவே இல்லைதானே?" என்று கேட்டார். உப்பு போதுமா என்று கேட்பதுபோல்தான் கேட்டார்.

வாயில் இருந்த டீயை என்ன செய்வது என்று மாப்பிள்ளைக்குத் தெரியவில்லை.

"பயப்படாதீங்க. என் சர்வீஸ் பூரா கவுண்டர்ல உக்காந்து 'ஃபைல் மேல போயிருக்கு'ன்னு சொன்னவன் நான். பாதி நேரம் ஃபைல் என் டிராயர்லதான் இருக்கும். அதைச் சொல்றதுக்கு ஒரு முறை இருக்கு மாப்பிள்ளை. நீங்க சொல்றது சரியில்லை."

"என்ன மாமா சரியில்லை?" என்று கேட்டுவிட்டான். கேட்ட பிறகுதான், குற்றத்தை ஒப்புக்கொண்டுவிட்டோம் என்று உறைத்தது.

"கேட்டதும் செல்லைப் பாக்கறீங்க. ஆளோட கண்ணைப் பாக்கணும். அப்புறம் லீவுங்கறீங்க, சர்வர்ங்கறீங்க. நிஜத்துக்கு ஏது இவ்வளவு காரணம்? ஒரே ஒரு வார்த்தை. சொல்லிட்டு வாயை மூடிக்கணும். அவன் நம்பலைன்னாலும் எழுந்து போயிடுவான்."

மாப்பிள்ளை அசடு வழிந்தான். மன்னிப்புக் கேட்கலாமா என்று வாயெடுத்தான். மாமனார் கையமர்த்தினார்.

"டிக்கெட் எப்போ?"

"நாளைக்கு மத்தியானம் மாமா."

"ஜன்னலோரமா?"

"ஆமா."

"நல்லது. நானும் எல்லாத்தையும் எடுத்துட்டுத்தான் வந்திருக்கேன். அலாரம் கடிகாரம், வெந்நீர் வாளி, பாத்ரூம் செருப்பு எல்லாம் பையிலதான் இருக்கு."

மாப்பிள்ளையின் இடுப்புக்கு இப்போதுதான் விளக்கம் கிடைத்தது.

"அப்ப... நீங்களே போகணும்னு..."

"உங்க வீட்ல இருமறதுக்குக்கூட நேரம் பாத்துத்தான் இருமறேன் மாப்பிள்ளை. ரெண்டு பேரும் கீழ போய்ச் சண்டை போட்டுட்டு வர்றீங்க, லிஃப்ட் சத்தம் கேக்குது. அங்க எனக்கு வீடு இருக்கு, மாடியில குடித்தனக்காரங்க இருக்காங்க. போறேன்னு அவகிட்டதான் சொல்ல முடியலை. அம்மாவும் இல்லை, இனிமே எங்கயும் போகாதீங்கன்னு அழறா. நான் எப்படிப் போறேன்னு சொல்றது? அதான், விசா வரலைன்னே இருக்கட்டும். என் பேரும் வேணாம், உங்க பேரும் வேணாம்."

மாப்பிள்ளைக்கு வெட்கமாகவும் இருந்தது, நிம்மதியாகவும் இருந்தது. இரண்டையும் ஒரே முகத்தில் வைத்துக்கொள்ளத் தெரியாமல் இன்னொரு டீ சொன்னான். மாலைவரை இருவரும் தெருத்தெருவாக நடந்தார்கள். பக்கத்து நாட்டை மாமனார் கொஞ்சம் தாராளமாகப் பாராட்டினார். போகப்போகிற இடத்துக்கும் வந்த இடத்துக்கும் நடுவில் இருந்ததால் அதன்மேல் அவருக்கு விரோதம் விட்டுப்போயிருந்தது. நடந்துகொண்டே ஒத்திகையும் பார்த்தார்கள். மாப்பிள்ளை "விசா வரலை" என்பான். மாமனார் தலையை ஆட்டுவார். "இழுக்காதீங்க. வரலை. அவ்வளவுதான்."

"ரொம்ப அழுவா," என்றார் மாமனார், பாதை ஓரத்துச் சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்து. "நீங்கதான் சமாதானப்படுத்தணும். சின்ன வயசுலயே அப்படித்தான். நான் ஆபீஸுக்குக் கிளம்பினா வாசல்வரைக்கும் வந்து அழுவா." அவர் குரலில் கவலை இருந்தது. அதோடு கொஞ்சம் பெருமையும் இருந்தது.

அறைக்கு வந்து மகளுக்குப் போன் போட்டார்கள். முதலில் மாமனார்தான் போனை வாங்கிக்கொண்டார்.

"அம்மா, விசா வரலைம்மா. நாளைக்கு ஊருக்குப் போறேன்." ஒரே மூச்சு. சுவரைப் பார்த்துக்கொண்டு, ஒரு சுருக்கம் விழாமல் சொல்லிவிட்டார். தொழில்காரர்.

அந்தப் பக்கம், "ஐயோ, அப்பா!" என்ற குரல் அறை முழுக்கக் கேட்டது. பிறகு சின்னதாக ஏதோ. மாமனார், "சரிம்மா... சரிம்மா... இருக்கார்," என்று போனை நீட்டினார்.

மாப்பிள்ளை ஜன்னலோரம் போனான்.

"என்னங்க, நிஜமாவே வரலையா?"

"வரலை."

அவள் அழப்போகிறாள் என்று காத்திருந்தான். சமாதான வார்த்தைகள் நாக்கு நுனியில் தயாராக இருந்தன.

"அப்ப அந்தக் கட்டிலை மடிச்சு வெச்சிடட்டுமாங்க?" என்றாள். குரலைத் தாழ்த்தித்தான் கேட்டாள். ஆனால் மூன்று மாதமாக அவன் கேட்காத ஒரு நிம்மதி அந்தக் குரலில் இருந்தது. "கூடம் பூரா அடைச்சுக்கிட்டு இருக்கு. கீழ ஸ்டோர்ல போட்டுடலாம். பாவம் அப்பா. பத்திரமா ஏத்தி விட்டுட்டு வாங்க, என்ன?"

"இருக்கட்டும்," என்றான் மாப்பிள்ளை. "வேண்டாம். நான் வந்து பாத்துக்கறேன்."

போனை வைத்த பிறகும் திரும்பாமல் நின்றான். அவள்மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அந்தக் கட்டிலை மடிப்பதுபோல் அவன் எத்தனை நாள் கனவு கண்டிருக்கிறான். அவள் கேட்டதில் என்ன தப்பு என்று அவனுக்குச் சொல்லத் தெரியவில்லை. அவளும் அந்தக் கூடத்தில் பக்கவாட்டில்தானே நடந்தாள். 

கட்டிலின் ஓரத்தில் மாமனார் உட்கார்ந்திருந்தார். வீட்டில் கதவைப் பார்த்துக்கொண்டு உட்காருவாரே, அதே உட்கார்வு. இந்தப் பக்கத்துப் பேச்சை மட்டும் அவர் கேட்டிருந்தார். வாழ்நாள் முழுக்கக் குரல்களைக் கேட்டு ஆளை எடை போட்ட மனிதருக்கு அது போதாதா என்ன?

"அழுதாளா மாப்பிள்ளை?" என்றார்.

மாப்பிள்ளை செல்லைப் பார்க்கவில்லை. நேராக அவர் கண்ணைப் பார்த்தான்.

"அழுதா, மாமா."

அதோடு நிறுத்திக்கொண்டான்.

மாமனார் அவன் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு குனிந்து செருப்பைக் கழற்றி, இரண்டையும் சேர்த்துக் கட்டிலுக்கு அடியில் தள்ளினார்.

"இப்பதான் சரியாச் சொல்றீங்க," என்றார்.