பதினோராவது தட்டு

பூஞ்சைக்குள் வெளி மரபணுவைச் செலுத்துவதுதான் ஆய்வகத்தில் என் வேலை. நான் செலுத்தியது, பூஞ்சையைக் கொல்லும் மருந்துக்கு அது அசராமல் இருக்கவைக்கும் மரபணு. அந்தச் சூட்சுமம் தெரிந்தால் இன்னும் நல்ல மருந்து செய்யலாம் என்பது எங்கள் பேராசிரியரின் நம்பிக்கை.

அப்படிச் செலுத்தியது பெரும்பாலும் ஒட்டுக்குடித்தனம்தான். மருந்து கலக்காத வளர்ப்புத் தட்டில் வளரவிட்டால், வீண் சுமை என்று பூஞ்சையே அதை உதறிவிடும். ஆய்வு முடிந்ததும் அதை நீக்க, இப்படிப் பத்துத் தட்டு மாற்றி மாற்றி வளர்த்துவிட்டு, பதினோராவதில் மறுபடி மருந்து வைத்து, பூஞ்சை சாகிறதா என்று பார்க்க வேண்டும். நான் பத்தோடு நிறுத்திக்கொண்டேன். மருந்து தீர்ந்திருந்தது, புதுக் குப்பி வர ஒரு வாரம் ஆகும் என்றார்கள். 'மரபணு நீங்கியது' என்று பதிவேட்டில் எழுதினேன். திமிர்தான், வேறென்ன.

மருந்துக்கு அசராத பூஞ்சையை மூடிய பெட்டிக்குள்தான் திறக்க வேண்டும்; மரபணு நீங்கிவிட்டதென்றால் அந்தக் கெடுபிடி கிடையாது. தட்டுகளைச் சாதாரண மேசையிலேயே திறந்தேன். பூஞ்சைத்தூள் படிந்த மேலங்கியை வீட்டில் துவைக்கப் போட்டேன். வீட்டில் தம்பி இருந்தான். ஐந்து மாதம் முன்புதான் என் சிறுநீரகம் ஒன்றை அவனுக்கு வைத்திருந்தார்கள். உடம்பு அதைத் தள்ளிவிடாமலிருக்க, எதிர்ப்புசக்தியைக் குறைக்கும் மாத்திரைகள் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். சும்மா உட்கார முடியாதவன், அங்கியை உதறி இயந்திரத்தில் போடுவதும் அவன்தான்.

முதலில் இருமல், பிறகு காய்ச்சல். நுரையீரலில் பூஞ்சை என்றார் மருத்துவர். நல்ல மருந்து இருக்கிறது, பயப்பட வேண்டாம் என்று அதன் பெயரைச் சொன்னார். நான் தட்டுகளில் வைத்த அதே மருந்து.

பத்து நாள் மருந்து ஏற்றியும் காய்ச்சல் இறங்கவில்லை. அவன் சளியை வாங்கிக்கொண்டு ஆய்வகத்துக்கு ஓடினேன். மரபணுவோடு நான் ஓர் அடையாளத் துண்டும் சேர்த்திருந்தேன். இயற்கையில் எந்தப் பூஞ்சையிலும் அது இல்லை. சோதனையில் அதற்குரிய கோடு பளிச்சென்று விழுந்தது. மரபணு உதிரவே இல்லை. பூஞ்சையின் குரோமோசோமுக்கு நடுவிலேயே புகுந்து, அதனுடன் சேர்ந்து பெருகிக்கொண்டிருந்தது.

மருத்துவரிடம் ஒன்றுவிடாமல் சொன்னேன். அவர் என்னைத் திட்டக்கூட இல்லை.

"வேற மருந்து ஒண்ணு இருக்கு. ஆனா அது புதுச் சிறுநீரகத்தைக் கெடுத்துடும். உயிர் வேணும்னா வேற வழியில்ல."

படுக்கையருகே போய், மருந்தை மாற்றுவதை மட்டும் தம்பியிடம் சொன்னேன். சிறுநீரகம் போய்விடலாம் என்றேன். மூச்சு வாங்கிக்கொண்டே சிரித்தான்.

"விடுக்கா. நீ குடுத்தது எதுவும் என்கிட்ட தங்காது போல."

அங்கியைப் பற்றி இன்னும் அவனிடம் சொல்லவில்லை.