டாக்டரின் இயல்பான கண்

சோம்பல் கண்ணைப் பற்றி மனிதகுலம் இதுவரை நம்பிவந்ததெல்லாம் பிழை. அதைத் திருத்தும் பொறுப்பை வரலாறு பர்ராங்கியா நகரத்திடம், குறிப்பாக டாக்டர் அரிஸ்தார்கோ வில்யாபாவிடம் ஒப்படைத்திருந்தது. டாக்டர் இதை அறிவித்துக்கொண்டிருந்தபோது ஏ.சி. அவர் தோளில் சொட்டிக்கொண்டிருந்தது.

சிறு வயதிலிருந்தே ஒரு கண் மட்டும் மங்கினால் அது சோம்பல் கண். அந்தக் கண்ணில் ஒரு குறையும் இல்லை, மூளைதான் அதைக் கண்டுகொள்வதில்லை என்கிறது உலகம். இல்லை, விழித்திரையின் நரம்பணுக்களே மந்தம் என்பது டாக்டரின் கண்டுபிடிப்பு. கண்டுபிடித்தாயிற்று, நிரூபிப்பதுதான் பாக்கி. சனிக்கிழமை கார்த்தஹேனா மாநாட்டில் அவர் பேசியாக வேண்டும். ஆனால் சோதித்த சோம்பல் கண்கள் எல்லாம் மாடுபோல் உழைத்துக்கொண்டிருந்தன.

இன்று நாற்காலியில் நூபியா. ஆஸ்பத்திரி வாசலில் முட்டை வைத்த அரேப்பா என்னும் சோள அடை பொரிப்பவள். சிறு வயதிலிருந்தே இடக்கண் மங்கல். டாக்டரின் உதவியாளர் யாதிரா, நூல்போன்ற மின்கம்பியை நூபியாவின் கீழிமைக்குள் வைத்தாள். திரையில் கறுப்பு வெள்ளைக் கட்டங்கள் மாறி மாறித் துடித்தன. நரம்பணுக்கள் மந்தமானால் கணினியில் அலை தாழும், நன்றாக வேலைசெய்தால் எழும். எழுந்தது. வலக்கண்ணின் அலைக்கு ஒரு மயிரிழையும் குறையாமல்.

"நீ வலக்கண்ணால பாத்துட்டே" என்றார் டாக்டர்.

"அதைப் பிளாஸ்திரி போட்டு ஒட்டினது நீங்கதானே ராசா? புருவமும் சேந்து ஒட்டியிருக்கு."

டாக்டர் யோசித்தார். அந்த அலை பெரிதாகத் தெரிவதற்குக் காரணம், பக்கத்தில் உண்மையான அலை எதுவும் இல்லாததுதான்; சோம்பலோடு கூடவே வளர்ந்த அவளுடைய வலக்கண் கணக்கில் சேராது. குறையே இல்லாத ஒரு கண்ணின் அலையை அருகில் வைத்தால் இதன் வண்டவாளம் தெரிந்துவிடும். அப்படிப்பட்ட கண்ணுக்கு எங்கே போவது? அவர் நெடுநேரம் தேடவில்லை.

"எழுந்திரு நூபியா. நான் உக்கார்றேன்." யாதிரா கம்பியை எடுக்க, நூபியா பிளாஸ்திரியைப் பிய்த்துப் போட்டுவிட்டு எழுந்தாள்.

"முதல்ல எழுத்து அட்டையைப் படிக்கணும் டாக்டர்" என்றாள் யாதிரா. "நீங்க போட்ட விதிதான்."

டாக்டர் பெருந்தன்மையுடன் சிரித்தார். வலக்கண்ணை உள்ளங்கையால் மூடிக்கொண்டு, சுவரில் தொங்கிய அட்டையை மேல்வரியிலிருந்து அடிவரிவரை மூச்சுவிடாமல் முழங்கினார். முப்பது வருடமாக மாணவர்களுக்குப் பாடம் நடத்திய அட்டை.

நூபியா இடுப்பில் கட்டியிருந்த சமையல் துணியால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"என்ன சிரிப்பு?"

"ஒண்ணுமில்ல ராசா. அழகாத்தான் படிச்சீங்க. ஆனா நீங்க சொன்ன எழுத்து அங்க இல்லையே."

"பழசு மஞ்சளாப் போச்சுன்னு நேத்து புது அட்டை மாட்டினோம் டாக்டர்" என்றாள் யாதிரா.

டாக்டர் வலக்கண்ணை மூடியபடியே அட்டையை உற்றுப் பார்த்தார். கழுத்தை நீட்டினார். நாற்காலியை முன்னால் இழுத்தார்.

"அச்சு மோசம்!"

"எனக்குத் தெரியுதே" என்றாள் நூபியா.

யாதிரா ஒன்றன்பின் ஒன்றாகக் கண்ணாடி வில்லைகளை மாற்றிப் பார்த்தாள். எதைப் போட்டாலும் முதல் எழுத்துக்குக் கீழே எல்லாம் எறும்புக்கூட்டம். வலக்கண் கழுகு, இடக்கண் பிறந்ததிலிருந்தே ஓய்வில் இருந்திருக்கிறது. இருபது வயதில் அட்டையை மனப்பாடம் செய்தவரை அதன்பிறகு யாரும் சோதித்ததில்லை.

"நம்ம ஆளுதானா நீங்க!" நூபியாவுக்குத் தாங்கமுடியாத சந்தோஷம். "முன்னாடியே சொல்லக்கூடாதா ராசா? உங்களுக்கு ரெண்டு அரேப்பா எடுத்து வச்சிருப்பேனே!"

டாக்டரின் முகம் சிவந்தது. பிறகு மெல்ல மலர்ந்தது. இயல்பான கண் போனால் போகிறது. ஆய்வுக்கு இன்னொரு சோம்பல் கண் கிடைத்துவிட்டதே! அதுவும் படித்த கண். தன் எஜமானின் கோட்பாட்டை அது கைவிடுமா?

"கம்பியை வை" என்றார்.

யாதிரா வைத்தாள். கட்டங்கள் துடித்தன. டாக்டர் இமைக்காமல், கோட்பாட்டுக்காக, பார்த்துக்கொண்டே இருந்தார்.

அந்த ஆய்வு முழுவதிலும் மிக உயரமான அலை அவருடைய இடக்கண்ணினுடையது.