ஆறு நாற்காலி வண்டி

கைக்குட்டை வாங்கவே நான்கு கடை ஏறி இறங்குகிறவன் பிபின். கார் வாங்குவதென்றால் கேட்க வேண்டுமா? குஜராத்தில், நடியாதில் அந்த ஷோரூம் வாசலை அவன் தேய்த்த தேய்ப்பில் காவலாளிக்கே அவன் செருப்புச் சத்தம் பழகிவிட்டது. நடுத்தர மாடலா, டாப் மாடலா என்று அவன் பட்ட தவிப்புக்கு, மகள் ஹேத்விக்கு மாப்பிள்ளையே பார்த்து முடித்திருக்கலாம். கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, குடும்பத்தோடு அக்கா ஜசுமதியையும் கூட்டிக்கொண்டு போனான். அவள் வாயிலிருந்து வருகிற சொல் பலிக்கும் என்று அவனுக்கு நம்பிக்கை.

ஜசுமதியைக் கட்டியவன் இன்னொருத்தியோடு பம்பாய் போனவன் போனவன்தான். அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பிறந்த வீட்டுக்கு வந்து முப்பத்தெட்டு வருஷம் ஆகிறது. அவன் எங்கேயோ உயிரோடு இருக்கிறான் என்பதால் நெற்றிப் பொட்டு மட்டும் மிச்சம். அந்தப் பொட்டுக்காகத்தான் நல்ல காரியம் எதற்கும் அவளை முன்னால் நிறுத்துவார்கள். பிள்ளை பிறந்தால் பெயர் வைப்பது அப்பாவோடு பிறந்த அத்தை, ஃபோய்பா. புது வண்டிக்குக் குங்குமம் இடுவதும் அவள்தான். தம்பி பிள்ளைகள் மட்டுமல்ல, தெருவே அவளை ஃபோய்பா என்றுதான் கூப்பிட்டது.

அந்த வண்டிக்காக அந்த வீட்டில் எல்லோரையும்விட அதிகம் காத்திருந்தவள் அவள்தான். ஹேத்வியின் அண்ணன் சிந்தனுக்கும் அவன் மனைவி கிருபாவுக்கும் ஐந்து வருஷமாகப் பிள்ளையில்லாமல் இருந்தது. ஜசுமதி ராஜஸ்தானில் நாத்வாரா கோயிலில் இருக்கிற ஸ்ரீநாத்ஜியிடம் வேண்டிக்கொண்டாள்: "ஒரு குழந்தையைக் குடு. என் கையாலயே தூக்கிட்டு வந்து உன் முன்னாடி விடறேன். அதுவரைக்கும் வெல்லம் தொடமாட்டேன்." அந்த ஊரில் வெல்லத்தை விடுவதென்பது சோற்றை விடுவதில் பாதி. பருப்பில் வெல்லம், காயில் வெல்லம், பண்டிகையென்றால் வெல்லத்தைத் தவிர வேறொன்றும் இல்லை. அன்றிலிருந்து பருப்பில் வெல்லம் போடும் முன் தனக்கென்று ஒரு சின்னக் கிண்ணத்தில் எடுத்து வைத்துவிடுவாள். குழந்தை பிறந்தது. விரஜ் என்று அவளே பெயர் வைத்தாள். அவனுக்கு மூன்று வயதும் ஆகிவிட்டது. ஏசி இல்லாத பழைய வேனில் ராஜஸ்தான் வெயிலில் குழந்தையைக் கொண்டுபோக முடியாது என்று கிருபா சொல்லிவிட்டாள். "பெரிய வண்டி வரட்டும் மோட்டிபென், எல்லாருமா ஒண்ணாப் போலாம்" என்று பிபின் அக்காவிடம் சொல்லியிருந்தான். எல்லாருமா என்றுதான் சொன்னான்.

ஷோரூமில் விற்பனையாளன் தண்ணீர் கொடுத்துவிட்டுக் கேட்டான். "வீட்ல எத்தனை பேர் சேட்?"

"ஆறு பேர்" என்றான் பிபின்.

ஜசுமதியும் விரலை மடக்கி எண்ணினாள். பிபின், அவன் மனைவி ஜாக்ருதி, சிந்தன், கிருபா, ஹேத்வி, விரஜ். சரியாக ஆறு. தினமும் ரொட்லிக்கு மாவு அளப்பது அந்தக் கணக்கில்தான். எல்லோரும் சாப்பிட்டு எழுந்தபின் மீந்ததை அவள் சாப்பிடுவாள். மீதமில்லையென்றால் ஒன்று தேய்த்துப் போட்டுக்கொள்வாள். அவளுக்குக் கோபம் வரவில்லை. கோபப்பட ஒன்றும் இருப்பதாகவே அவளுக்குத் தெரியவில்லை.

"அப்படின்னா டாப் மாடலேதான் சேட். நடுத்தர மாடல்ல நடுவுல நீளமான சீட், ஏழு பேர் உக்காரலாம். டாப்ல நடுவுல ரெண்டு தனி நாற்காலி. ஒரு எடம் குறையும், ஆனா கூரை திறந்தா வானம் தெரியும், உக்காந்தவங்க ராஜா மாதிரி போலாம்."

"ராஜா மாதிரி போறதுக்கு இவ்ளோ வித்தியாசமா? அதுல ஒரு ஸ்கூட்டர் வாங்கிடலாம்டா" என்றான் பிபின்.

"ஸ்கூட்டர்லயும் வானம் தெரியும் பப்பா" என்றாள் ஹேத்வி. "ஏசி வருமா?"

ஜாக்ருதி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ஹேத்வி ஃபோய்பாவைக் கைபிடித்து அந்தத் தனி நாற்காலியில் உட்கார வைத்து ஒரு பொத்தானை அழுத்தினாள். முதுகில் ஜிலுஜிலுவென்று காற்று வந்தது.

"ஏய், பின்னாடி யாரோ விசிறுறாங்கடி!"

"சீட்டே விசிறும் ஃபோய்பா. இப்போ மேல பாருங்க." கூரை விலகி வானம் தெரிந்தது. "நாத்வாரா போனா கோயில் கொடி இதுலயே தெரியும்."

ஆயுசு முழுக்க மணையிலும் தரையிலும் உட்கார்ந்த உடம்பு. இரண்டு பக்கமும் கை வைத்துக்கொள்ள இடம் இருக்கும் ஆசனத்தில் அவள் உட்கார்ந்ததே இல்லை. விரஜை மடியில் வைத்துக்கொண்டு அதில் போவதாக ஒரு நிமிஷம் நினைத்துப் பார்த்தாள். கண் கலங்கிவிட்டது.

"மோட்டிபென், நீ சொல்றதுதான். எதை எடுக்கலாம்?" என்றான் பிபின்.

"பெருசையே எடு. சாமியைப் பாக்கப் போற வண்டி, கஞ்சத்தனம் பண்ணாத."

யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்ளும் என்பார்கள். யானைக்காவது அது மண் என்று தெரியும்.

வண்டி எடுக்கிற நாளில் ஜசுமதி புதுப்புடவை கட்டிக்கொண்டாள். முன்மூடியில் குங்குமத்தால் ஸ்வஸ்திகம் போட்டாள். நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தாள். தேங்காய் உடைத்தாள். வெல்லமும் தனியாவும் கலந்து எல்லோர் கையிலும் வைத்தாள், தன் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். பிபினும் சிந்தனும் முன்னால் ஏறினார்கள். நடு நாற்காலி ஒன்றில் ஜாக்ருதி. இன்னொன்றில் குழந்தைக்கென்று வாங்கிய குட்டி ஆசனத்தை வார் போட்டு இறுக்கி விரஜை உட்கார வைத்தார்கள். கிருபாவும் ஹேத்வியும் பின்னால் போய்விட்டார்கள். கதவெல்லாம் மூடிக்கொண்டன. தட்டோடு நின்றவளைப் பிபின் கண்ணாடியை இறக்கிப் பார்த்தான். அவன் முகம் ஒரு மாதிரி ஆனது.

"மோட்டிபென்... நீ ஆட்டோல வந்துடேன். பக்கம்தானே."

பழைய வேனை அந்த ஷோரூமிலேயே கொடுத்தாகிவிட்டது. ஆட்டோவில் அவள் மறுபடியும் விரல் மடக்கினாள். இந்தத் தடவை ஆறோடு நிறுத்தவில்லை. அடுத்த விரல் தன்னுடையது என்று தெரிந்தது. தம்பி மறந்தது கூடப் பெரிதில்லை. தன்னைத் தானே எண்ணாமல் விட்டோமே என்பதுதான் தாங்கவில்லை.

நாத்வாரா போக நாள் குறித்ததும் சாப்பாட்டு நேரத்தில் அவளே வாயைத் திறந்தாள். "விரஜை நான் மடில வெச்சுக்கறேன் கிருபா. அந்தக் குட்டி சீட்டைக் கழட்டிட்டா..."

"ஐயோ ஃபோய்பா, இப்பல்லாம் குழந்தைங்களை மடில வைக்கவே கூடாது. வண்டி எதுலயாவது மோதினா என்ன ஆகும்னு வீடியோ பாத்தா உங்களுக்குத் தூக்கமே வராது."

"நான் பின்னாடி கால்மாட்டுல உக்காந்துக்கறேன். வேன்ல அப்படித்தானே வருவேன்."

"இது வேன் இல்லை" என்றான் சிந்தன். திட்டவில்லை, சும்மாதான் சொன்னான்.

பிபின் ஹேத்வியைப் பார்த்தான். "நீ வேணா இந்தத் தடவை..."

"நானா? டாப் மாடல் எடுக்க வெச்சதே நான்தான் பப்பா!"

"பஸ்ல வரலாமே மோட்டிபென்" என்றாள் ஜாக்ருதி. பிறகு அவளே, "வேண்டாம், உங்களுக்கு முட்டி வலி. வீட்டையும் பூட்டிப் போட முடியாது. ரெண்டு நாள்தானே" என்று முடித்தும் வைத்தாள். குதிரை கீழே தள்ளியதும் அல்லாமல் குழியும் பறித்த கதை.

"அடுத்த தடவை உனக்குத்தான் முதல் சீட்" என்றான் பிபின். "குழந்தையை நாங்க சந்நிதில விட்டுடறோம். உன் வேண்டுதல் நிறைவேறிடும். சாமிக்குத் தெரியாதா?"

அவள் அவன் தட்டில் சூடாக ரொட்லி போட்டாள்.

அவர்கள் கிளம்பிப் போனதும் வீடு கிணறு மாதிரி ஆகிவிட்டது. ஜசுமதி அடுக்களையில் வெல்ல டப்பாவைத் திறந்தாள். ஒரு கட்டியை எடுத்து உதடு வரை கொண்டுபோனாள். யாருக்காக இதை விட்டேன்? என்னை ஏற்றாத வண்டியில் போகிறவர்களுக்காகவா? வேண்டுதலாவது ஒன்றாவது என்று பல்லைக் கடித்தாள். அப்போது அந்த வண்டி மலைப்பாதையில் வளைவது கண்ணில் தெரிந்தது. நடு நாற்காலியில், தான் உட்கார்ந்து பார்த்த அதே இடத்தில், வாரோடு விரஜ். கை தானாக இறங்கிவிட்டது. அவர்கள் மேல் ஆத்திரப்படக்கூட அவளுக்கு வழி வைக்கவில்லை. அவள் வேண்டிப் பெற்ற பிள்ளையை அல்லவா அந்த இடத்தில் உட்கார வைத்துக் கொண்டுபோயிருக்கிறார்கள்! டப்பாவை மூடிவிட்டு அங்கேயே உட்கார்ந்து அழுதாள். வாய்விட்டே அழுதாள்.

மறுநாள் காலையில் பிபின் போனில் பேசினான். பின்னால் கோயில் தெருச் சத்தம்.

"மோட்டிபென், ஜெய் ஸ்ரீகிருஷ்ணா! தரிசனம் அமோகம். விரஜை சந்நிதில விட்டாச்சு. உன் வேண்டுதல் முடிஞ்சுது. இன்னிக்கே வெல்லம் போட்டு சாப்பிடு."

"யார் கையால விட்டீங்க?"

"கிருபாதான். அவ பெத்தவ ஆச்சே."

"பிரசாதத்துக்குப் பேர் குடுத்தியா?"

"குடுக்காம? குடும்பத்துல எல்லார் பேரும் சொன்னேன்."

"எல்லார் பேருமா? சொல்லு, கேக்கறேன்."

பிபின் உற்சாகமாகத்தான் ஆரம்பித்தான். தன் பேரைச் சொன்னான், ஜாக்ருதி என்றான், சிந்தன், கிருபா, ஹேத்வி, விரஜ் என்றான். அதற்குமேல் போக முடியாமல் நின்றான்.

"மோட்டிபென்... கூட்டத்துல... அவசரத்துல..."

"சரியாத்தான் சொல்லியிருக்க. நானும் அன்னிக்கு அப்படித்தான் எண்ணினேன்" என்றாள் ஜசுமதி. "பாத்து ஓட்டச் சொல்லு. குழந்தை இருக்கு."

பசியோடு வருவார்கள். சாயங்காலம் அவள் பருப்பை வேகவைத்தாள். மாவு பிசைந்தாள், எப்போதும் பிசைகிற அளவுதான். பருப்பு கொதித்தபோது பழக்க தோஷத்தில் சின்னக் கிண்ணத்தைக் கையில் எடுத்தாள். பிறகு அதைக் கழுவி, மேல் தட்டில், உள்ளே தள்ளிக் கவிழ்த்து வைத்தாள். தனக்கென்று எதுவும் எடுத்து வைக்காமல் வெல்லத்தைத் தட்டிப் பாத்திரம் முழுவதிலும் போட்டாள்.

வண்டி வந்து நின்றது. சிரிப்பும் சத்தமுமாக உள்ளே வந்தார்கள். தட்டு வைத்தாள், பரிமாறினாள். பிபின் தலை நிமிராமல் சாப்பிட்டான். பருப்பு இன்றைக்குப் பிரமாதம் என்றாள் ஜாக்ருதி. அந்த ஆசனத்தில் பிரயாணமே தெரியவில்லை என்று கிருபா சொல்ல, டாப் மாடலுக்குக் கொடுத்த பணம் வீண் போகவில்லை என்று எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள்.

நீ சாப்பிட்டாயா என்று யாராவது கேட்டால், என் கையால் விடாதவரை வெல்லம் தொடமாட்டேன் என்று சொல்வதற்கு ஜசுமதி ஒரு பதில் வைத்திருந்தாள். சாப்பிட்டு எழுந்து ஒவ்வொருவராகக் கை கழுவினார்கள். அவள் தட்டுகளை எண்ணி எடுத்துக்கொண்டு தேய்க்கப் போனாள்.