இடுப்பளவு வீடு

வலது தோளில் அறுவை சிகிச்சை முடிந்து மாஸ்டர் வீடு திரும்பிய அன்றே அவர் மனைவி ஒரு முடிவுக்கு வந்துவிட்டாள். இனி இந்த மனுஷன் எதற்கும் கையைத் தூக்கக் கூடாது. அவ்வளவுதான், பேச்சே இல்லை.

முடிவெட்டுகிறவர் அவர். தெருவே மாஸ்டர் என்றுதான் கூப்பிடும். காலம் பூராவும் தூக்கிய கையை இறக்காமல் வேலை பார்த்ததில் தோள் தசைநார் கிழிந்துபோயிற்று. ஆள் வேறு கொஞ்சம் குள்ளம். அவளோ அவரைவிட ஒரு சாண் உயரம். கல்யாணப் போட்டோவில் அவர் பலகை மேல் ஏறி நின்றுதான் மானத்தைக் காப்பாற்றிக்கொண்டார். அந்தப் பலகையைப் பற்றி வீட்டில் யாரும் வாய் திறக்கக் கூடாது.

தையல் ஆறியதும் ஆஸ்டியோபதி சிகிச்சைக்குப் போகச் சொன்னார்கள். அங்கே இருந்த டாக்டரம்மா ஊசி எடுக்கிற ஆளில்லை. இரண்டு கைகளாலேயே தோளைப் பிடித்து, மெல்ல உருட்டி, இறுகிக் கிடந்த மூட்டை இளக்குவார். அவர் பிடித்துத் தூக்கினால் மாஸ்டரின் கை காதை ஒட்டிப் போகும். "இப்ப நீங்களா தூக்குங்க" என்றால் தோள் மட்டத்தோடு நின்றுவிடும். எத்தனை முறை போனாலும் இதே கதைதான்.

"மூட்டுல ஒண்ணுமே தடை இல்லையே!" என்று டாக்டரம்மா குழம்பினார்.

இதற்குள் கடைக் கூட்டாளியிடமிருந்து போன் வந்தது. "அண்ணே, தப்பா நினைக்காதீங்க. உங்க நாற்காலியில வேலை பார்க்க வேற ஆளுங்க கேட்டுக்கிட்டே இருக்காங்க. மாசக் கடைசி வரைக்கும் நான் சமாளிக்கிறேன்."

"சரிப்பா" என்று வைத்துவிட்டார். அன்றைக்கு முழுக்கக் கத்திரிக்கோலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் டாக்டரம்மா வீட்டுக்கே வந்துவிட்டார். வந்தவர் உட்காரக்கூட இல்லை. "மாஸ்டர், ஒரு டம்ளர் தண்ணி கொடுங்க."

மாஸ்டர் குனிந்து, முக்காலி மேலிருந்த டம்ளரை எடுத்தார். டாக்டரம்மாவின் கண் வீட்டைச் சுற்றியது. அலமாரியின் மேல்தட்டுகள் காலி. சட்டைகள் கட்டிலில் அடுக்கியிருந்தன. துணிக்கொடி இடுப்பு உயரத்தில் தொங்கியது. முகம் பார்க்கும் கண்ணாடிகூட இறங்கி வந்திருந்தது.

"இதெல்லாம் யார் வேலை?"

"நான்தான்!" என்றாள் மனைவி பெருமையாக. "ஒண்ணுக்கும் கை தூக்க வேண்டாம். கண்ணாடிக்கு ஆணி அடிச்சப்ப என் கட்டைவிரலே நசுங்கிப்போச்சு, பாருங்க."

டாக்டரம்மாவுக்கு முதலில் சிரிப்பு வந்தது. அப்புறம் அவள் தோளில் கை வைத்தார். "முதல்ல நீங்க பண்ணினது சரிதாம்மா. இப்ப தையல் ஆறிடுச்சு. இனி அந்தக் கைக்கு வேலை வேணும். நான் அங்க மேலே ஏத்தி அனுப்புறேன், நீங்க இங்க இறக்கி வச்சிடறீங்க."

அவளுக்குச் சுருக்கென்றது. "அப்ப நான்தான் கெடுத்தேனா?"

"அட, அழாதேடி" என்றார் மாஸ்டர். "சுகமா இருக்கேன்னு நானும்தானே பேசாம இருந்துட்டேன்."

அன்றைக்கே எல்லாம் மேலே ஏறியது. டம்ளர் அலமாரித் தட்டுக்கு, சீப்பு அதற்கும் மேலே, சட்டைகள் கொக்கிக்கு. கண்ணாடியை மட்டும் அவள் தொடவில்லை. மாஸ்டர் ஒவ்வொன்றுக்கும் எம்பி, முனகி, "கட்டினவளா நீ, கொலைகாரி!" என்று கத்துவார். ஓடிப்போய் எடுத்துக் கொடுக்க அவளுக்குக் கால் பரபரக்கும். அந்த முனகல் காதில் விழாமலிருக்கக் குழாயைத் திறந்துவிட்டு, கழுவிய பாத்திரத்தையே மறுபடி கழுவுவாள். கண்ணைத் துடைத்துக்கொள்ள ஈரக்கைதான் இருந்தது.

மாசம் முடியப் போகிற ஒரு காலையில் அவள் எழுந்து பார்த்தால், கண்ணாடி மேலே பழைய ஆணியில் தொங்கியது. கோணலாகத்தான். அதன் எதிரே உயரமான நாற்காலி. பக்கத்தில் கத்திரிக்கோலும் துண்டுமாக மாஸ்டர்.

"வா, உட்காரு. முடி காடா வளர்ந்து கிடக்கு."

கல்யாணமான நாளிலிருந்து அவள் தலையில் வேறு கத்திரி பட்டதில்லை. உட்கார்ந்தாள். கழுத்தைச் சுற்றித் துண்டைப் போட்டார். இந்த நாற்காலியில் அவள் உட்கார்ந்தால் உச்சந்தலைக்கு அவர் கை தோளைத் தாண்டி ஏறியாக வேண்டும். அது அவளுக்குத் தெரியும். அவரறியாமல் மெல்ல முதுகை வளைத்து, நாற்காலிக்குள் சரிந்து, தலையைத் தாழ்த்திக்கொண்டாள்.

கத்திரிக்கோல் நின்றது.

"ஏய் ஒட்டடைக்கோலு" என்றார் மாஸ்டர். "நிமிர்ந்து உட்காரு. நான் தூக்கிக்கிறேன்."

அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். கண்ணாடியில் அவர் கை மெல்லத் தோளைத் தாண்டி ஏறியது. உச்சந்தலையில் சீப்பு பட்டது.